ஹெரால்டுக்கு ரப்பர் புஷ்ஷா, பாலி புஷ்ஷா? நம்ம உப்புக் காத்துல எது நிக்கும்?

தேவிபட்டினம்_ஹெரால்ட்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா வச்சிருந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் வீட்டுல நிக்குது, 1970 மாடல், நாலு கதவு, நம்ம மெட்ராஸ்ல பண்ண வண்டி. அப்பா தவறி அஞ்சு வருஷம் ஆச்சு, விக்க மனசு வரல. வாரத்துக்கு ரெண்டு நாள் நானே எடுத்து ராம்நாடு வரைக்கும் போயிட்டு வருவேன், அமாவாசைக்கு அம்மாவை ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போறதும் இதுலதான், வேற வண்டில ஏற மாட்டாங்க.

விஷயம் என்னன்னா முன்னாடி விஷ்போன் (வீலை சேஸிஸோட சேக்குற ஆர்ம்) உள்பக்க புஷ், அதாவது ஆர்ம் சேஸிஸ்ல மாட்டுற இடத்துல அடியை வாங்கிக்கிற உருளை, மேல நாலு கீழ நாலு மொத்தம் எட்டு, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடிதான் எல்லாத்தையும் புது ரப்பரா மாத்துனேன். அதுக்கப்புறம் அப்படி ஒண்ணும் அதிகமா ஓடல. இப்ப பாம்பன் ரோட்டுப் பாலத்துல ஏறுனா ஒவ்வொரு ஜாயின்டுக்கும் வலது பக்கம் டக்கு டக்குன்னு அடிக்குது, பிரேக் புடிச்சா ஸ்டியரிங் லேசா இடது பக்கம் இழுக்குது, முன் டயர் ரெண்டும் உள்பக்கமா தேயுது. ஜாக்கி போட்டு கடப்பாரையை விட்டு நெம்புனா ஆர்ம் நல்லா ஆடுறது கண்ணுக்கே தெரியுது.

மெக்கானிக் அண்ணன் சொல்றாரு, கடக்கரை ஊர்ல ரப்பர் நிக்காது தம்பி, உப்புக் காத்து தின்னுரும், பாலியூரிதேன் செட்டு (பாலின்னு சொல்றது, ரப்பரை விட கெட்டியான பிளாஸ்டிக்) வரவழைச்சு போட்டுரு, ஆயுசுக்கும் கழட்ட வேண்டாம்னு. இன்னொருத்தர் லேத்துல நைலான் கடைஞ்சு போடுங்கறாரு. எனக்கு எது சரின்னு தெரியல. பணம் போனாலும் பரவால்ல, ஆனா அப்பா ஓட்டுனப்ப இருந்த அந்த மெத்து மெத்துன்னு போற ஓட்டம் போயிரக் கூடாது, அதான் பயமா இருக்கு. போட்டு அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.


கீழக்கரை_காக்கா:

தம்பி, நான் என் பத்மினி காருக்கு முன்பக்கம் பூரா பாலி போட்டவன், அதனால நடந்ததை அப்படியே சொல்றேன். துபாய்லேருந்து மச்சான் கொண்டு வந்தாரு. போட்ட முத ஆறு மாசம் வண்டி கத்தி மாதிரி போச்சு, வளைவுல சாயவே சாயாது, ஈசிஆர்ல தொண்டி பக்கம் போகும்போது ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேட்டுச்சு. ஆனா ரோட்டுல கெடக்குற சின்னக் கல்லு கூட கைக்கு தெரியும். அதுக்கப்புறம் புள்ளைங்களை கூட்டிக்கிட்டு தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரைக்கும் போனோம், நல்ல காத்துக் காலம், ரோட்டுல மணல் குறுக்க ஓடிக்கிட்டே இருந்துச்சு. வந்து ஒரு வாரத்துல கீழேருந்து சத்தம். பழைய மரக் கதவைத் தொறக்குற மாதிரி கிரீச்சுன்னு, ஸ்பீட் பிரேக்கர் ஏறுனா தெருவே திரும்பிப் பாக்கும்.

கழட்டிப் பாத்தா புஷ் நல்லாத்தான் இருந்துச்சு, உள்ள இருக்குற இரும்பு ஸ்லீவ், அந்தக் குழாய்தான் போச்சு. போடும்போது வச்ச கிரீஸ்ல மணல் கலந்து சாம்பல் கலர்ல பசை மாதிரி கெடந்துச்சு, அதை விரல்ல எடுத்து தேச்சா உப்புத்தாள் மாதிரி இருக்கு. ஸ்லீவ் மேல வட்டம் வட்டமா கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குள்ள துரு. திருப்பி சுத்தம் பண்ணி புது ஸ்லீவ் போட்டு சிலிகான் கிரீஸ் வச்சு மாட்டுனேன், இப்ப ஒரு வருஷத்துக்கு ஒருதடவ கழட்டி இதே வேலைதான். உனக்கு அதுக்கு நேரம் இருந்தா போடு. வளைவுல வண்டி சாயாம புடிக்கிற கம்பி, ஆன்டி ரோல் பார், அதோட புஷ்ஷுக்கு மட்டும் பாலி அருமை, அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல.


மண்டபம்_போட்_மெக்:

காக்கா சொன்னதுல ஒண்ணு சேத்துக்கறேன், நான் விசைப்படகு வேலை பாக்குறவன், கார் எனக்கு ரெண்டாவதுதான். ரப்பர் உப்புல நிக்காதுங்கறது தப்பு. எங்க படகுல புரொப்பல்லர் ஷாஃப்ட் சுத்துறதே ரப்பர் பேரிங்லதான், கட்லெஸ் பேரிங்னு சொல்லுவோம், பித்தளைக் குழாய்க்குள்ள ரப்பர், வருஷம் பூரா கடத்தண்ணிக்குள்ளயே கெடக்கும். அது நைட்ரைல் ரப்பர், வேற ஜாதி, இருந்தாலும் உப்புத் தண்ணி ரப்பரைத் தின்னுறதா இருந்தா ஒரு படகும் கரை வந்து சேராது. அந்தப் பேரிங்ல நீளவாக்குல காடி விட்டிருப்பாங்க, தண்ணி உள்ள போயி மணலையும் சேத்து வெளிய தள்ளிரும். பாலி புஷ்ல உள்ள போன மணலுக்கு வெளிய வர வழியே இல்ல, காக்கா வண்டில நடந்தது அதுதான்.

ஹெரால்டுல கம்பெனி ரப்பர் புஷ் எப்படி வேலை செய்யுதுன்னு கவனிங்க. நடு ஸ்லீவை போல்ட் இறுக்கிப் புடிச்சுக்கும், வெளிய ஆர்ம் புடிச்சுக்கும், ஆர்ம் மேல கீழ போகும்போது எதுவும் எது மேலயும் வழுக்காது, ரப்பரே முறுக்கிக் குடுத்து திரும்பி வரும். வழுக்குற இடம் இல்லன்னா மணலுக்கு வேலை இல்ல, கிரீஸுக்கும் வேலை இல்ல. நம்ம மணலுக்கு இதை விட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியல. உங்க புஷ் ரெண்டே வருஷத்துல போயிருக்குன்னா வேற ஏதோ இருக்கு. கழட்டுனதை நல்லாப் பாத்து எப்படி இருக்குன்னு எழுதுங்க.


தேவிபட்டினம்_ஹெரால்ட்:

நேத்து ஒரு பக்கம் கழட்டிட்டேன் அண்ணே. போல்ட்டு ஸ்லீவோட ஒட்டிப் போயி, ஹாக்சா பிளேடை பிராக்கெட் சந்துல விட்டு அறுத்துதான் எடுத்தேன், முழு ஞாயித்துக்கிழமையும் போச்சு. புஷ் எப்படி இருக்குன்னா, ரெண்டு முனையும் காளான் மாதிரி உப்பி வெளிய வந்திருக்கு, நகத்தால அழுத்துனா பள்ளம் விழுது, சீக்கிரம் எழும்ப மாட்டேங்குது, கைல கருப்பா ஒட்டுது, சோப்பு போட்டாலும் போகல. நடுவுல மட்டும் கொஞ்சம் கெட்டியா இருக்கு. வெடிப்பு எதுவும் இல்ல.


தொண்டி_ரப்பர்_அக்கா:

தம்பி, நான் தொண்டிக்காரி, மதுரைல ரப்பர் மோல்டிங் கம்பெனில க்யூசில, அதாவது தரம் பாக்குற பிரிவுல, 11 வருஷம் இருக்கேன். நீ எழுதுனதைப் படிச்சதும் பதில் போடணும்னு தோணுச்சு, ஏன்னா இது உப்பு பண்ண வேலையே இல்ல.

ரப்பர் கெட்டுப் போறதுக்கு ஒவ்வொண்ணுக்கும் ஒரு முகம் இருக்கு. வெயிலு, ஓசோன் பட்டா மேல காஞ்சு, இழுவை இருக்குற திசைக்கு குறுக்க கோடு கோடா வெடிக்கும். சூட்டுல கெடந்தா கெட்டியாகி கல்லாயிரும். பழைய ஸ்டாக்கு வாங்கிப் போட்டாலும் இதே கல்லு மாதிரிதான் இருக்கும். உப்பிக்கிட்டு, மெத்துன்னு ஆகி, கைல ஒட்டுதுன்னா அது எண்ணெய். சஸ்பென்ஷன் புஷ் பெரும்பாலும் இயற்கை ரப்பர், அது சீக்கிரம் களைச்சுப் போகாது, லட்சக்கணக்குல முறுக்குனாலும் தாங்கும், அதனாலதான் அதைப் போடுறாங்க. அதுக்கு ஆகாத ஒண்ணு பெட்ரோலிய எண்ணெய், டீசல், மண்ணெண்ணெய், என்ஜின் ஆயில், சாதா கிரீஸ் எல்லாம் அதுல சேத்தி. உள்ள உறிஞ்சி உப்பிரும், உப்புனதும் பலம் போயிரும். முனைல உப்பி நடுவுல கெட்டியா இருக்குன்னா வெளியேருந்துதான் எண்ணெய் பட்டிருக்கு.

உன் வண்டில என்ஜின் ஆயில் லீக் இருக்கா? இல்லன்னா ஒண்ணு கேக்கறேன், வாட்டர் சர்வீஸ் விட்டதும் அடிவயித்துல ஆயில் ஸ்ப்ரே அடிக்கிறாங்களா?


தேவிபட்டினம்_ஹெரால்ட்:

அக்கா, படிச்சதும் திக்குன்னு ஆயிருச்சு. அடிக்கிறாங்கக்கா. ரெண்டு மாசத்துக்கு ஒருதடவ. பழைய வேஸ்ட் என்ஜின் ஆயில்ல டீசலைக் கலந்து கீழ பூரா பீச்சுவாங்க. கடக்கரை வண்டின்னா துரு புடிக்காம இருக்க அதான் மருந்துன்னு அப்பா காலத்துலேருந்தே பழக்கம், நானே கூட நின்னு ஆர்ம் பக்கம், ஸ்பிரிங் பக்கம் நல்லா அடிங்கண்ணே, உப்புத் தண்ணி அங்கதான் தேங்கும்னு சொல்லுவேன்.


தொண்டி_ரப்பர்_அக்கா:

உன் மேல தப்பு இல்ல தம்பி, இந்தக் கடக்கரை பூரா அப்படித்தான் பண்றாங்க, எங்க வீட்டு வண்டிக்கும் என் அண்ணன் அதான் பண்ணிக்கிட்டு இருந்தான். நீயே கண்ணால பாத்துக்க. கழட்டுன புஷ்ல நடுவுல நல்லா இருக்குற எடத்துல சின்ன சதுரமா ஒரு துண்டு வெட்டு, 10 மில்லிமீட்டர்னு வச்சுக்க. ஒரு கண்ணாடி பாட்டில்ல டீசல் ஊத்தி அதுல போடு. இன்னொரு துண்டை கடத்தண்ணில போட்டு பக்கத்துலயே வை. ரெண்டு நாள் கழிச்சு எடுத்து ஸ்கேல் வச்சு அளந்து பாரு.

பாலி பத்தியும் சொல்லிடறேன். எண்ணெய்க்கு அது தாங்கும், அது உண்மை. ஆனா பாலியூரிதேன்ல ரெண்டு வகை, பாலியெஸ்டர்னு ஒண்ணு, பாலியீதர்னு ஒண்ணு. பாலியெஸ்டர் வகை ஈரமும் சூடும் சேந்தா தானாவே உடைஞ்சு போகும். பீரோவுக்கு அடில நாலஞ்சு வருஷம் வச்சிருந்த ஷூவை எடுத்து ஒரு நாள் போட்டா சோல் பிட்டு மாதிரி உதிருமே, அதே சங்கதிதான். நம்ம ஊரு ஐப்பசி கார்த்திகைல இருக்குற ஈரத்துக்கு அது ஆகாது. வாங்குறதா இருந்தா பாலியீதரான்னு கேட்டு வாங்கு, பாக்கெட்ல கலர் மட்டும் போட்டிருந்தா வாங்காத. கலருக்கும் தரத்துக்கும் சம்பந்தமே இல்ல.

இன்னொரு விஷயம் கெட்டித்தன்மை. ரப்பர் புஷ் ஷோர் ஏங்கற அளவுல 60 பக்கத்துல இருக்கும், பாலி பெரும்பாலும் 80க்கு மேல. ரப்பர் வாங்கிக்கிற அடியை பாலி வாங்காது, அப்படியே பிராக்கெட்டுக்கு அனுப்பிரும். 50 வருஷ சேஸிஸ், அதுவும் உப்புக் காத்துல நின்னது, பிராக்கெட் அடில துரு அரிச்சிருந்தா அங்கதான் விரிசல் விடும். புஷ்ஷை வாங்குறதுக்கு முன்னாடி அந்த பிராக்கெட்டைத் தட்டிப் பாரு தம்பி.


தங்கச்சிமடம்_லேத்:

நைலான் பேச்சு வந்ததால நான் எழுதறேன், ஏன்னா நானே கடைஞ்சு குடுத்து கெட்ட பேரு வாங்குனவன். நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஜீப்புக்கு ஷாக்கிள் புஷ், பட்டை ஸ்பிரிங்கோட முனையைத் தாங்குறது, காஸ்ட் நைலான்ல கடைஞ்சேன். லேத்துல பின்னு கைல தள்ளுனா வழுக்கிக்கிட்டு போச்சு, அருமையா இருந்துச்சு. மழைக்காலம் முடிஞ்சு வந்து நிக்குறாரு, ஸ்பிரிங் வேலையே செய்யல, வண்டி கட்டை மாதிரி போகுதுன்னு. நைலான் தண்ணியைக் குடிச்சு உப்பி பின்னைப் புடிச்சுக்கிச்சு, பின்னை சுத்தியல்ல அடிச்சுதான் எடுத்தேன். அதுலேருந்து நைலான் கேட்டா இடைவெளி கூட விட்டுத்தான் கடையறேன், கூட விட்டா ஆடும், அது வேற தொல்லை. டெல்ரின்னு இன்னொரு பிளாஸ்டிக் இருக்கு, அது தண்ணி அவ்வளவா குடிக்காது, ஆனா அதுவும் அடியை வாங்காது, அப்பா ஓட்டுன மாதிரி மெத்துன்னு போகணும்னு கேக்குறீங்க, அது டெல்ரின்ல நடக்காது. சில பேரு டெஃப்லான் கேப்பாங்க, சுத்த டெஃப்லான் பாரம் தாங்காம நசுங்கிப் பரவிரும், அது வேண்டவே வேண்டாம்.

போல்ட்டு மட்டும் கவனமா வாங்குங்க. ஹெரால்டுல யூஎன்எஃப்னு இன்ச் அளவு மரை, நம்ம கடைல கெடைக்கிற மெட்ரிக் போல்ட்டை ஓட்டையைப் பெருசாக்கி உள்ள தள்ளிராதீங்க. துரு புடிக்காதுன்னு சாதா ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் போடாதீங்க, படகு சாமான் கடைல கெடைக்கிறது 8.8 கிரேடு ஹை டென்சைல் அளவுக்கு பலம் இருக்காது. ஜிங்க் பிளேட்டிங் பண்ண நல்ல போல்ட்டை எடுத்து, மரையை விட்டுட்டு தண்டுல மட்டும் காப்பர் பேஸ்ட் தடவுங்க. மரைல தடவுனா வழுக்கி, தெரியாமயே அதிகமா இறுக்கிருவீங்க. அடுத்த தடவ ஹாக்சா எடுக்க வேண்டி வராது.


சாயல்குடி_பெரியவர்:

அப்பு, புஷ்ஷைப் பத்தி எல்லாரும் நல்லாவே சொல்லிட்டாங்க. நான் 20 வருஷம் ஹெரால்ட் ஓட்டுனவன், ரெண்டு விஷயம் சொல்லணும், அதுல ஒண்ணு உயிர் சம்பந்தப்பட்டது.

வீல் பக்கம் கீழ ஆர்ம் நுனில ட்ரன்னியன்னு ஒண்ணு இருக்கும், மஞ்சளா வெண்கலத்துல. வீலைத் தாங்குற நெட்டுத் தண்டு, வெர்டிகல் லிங்க், அதோட அடி மரை அதுக்குள்ள திருகி நிக்கும், ஸ்டியரிங் திருப்புனா அந்த மரைதான் திரும்புது. அதுக்கு இபி 90 கியர் ஆயில்தான் விடணும், கிரீஸ் கூடவே கூடாது. நிப்பிள் மாதிரி இருக்கறதால எல்லா மெக்கானிக்கும் கிரீஸ் கன்னை வச்சு அடிச்சிருவாங்க. கிரீஸ் கெட்டியாகி வழியை அடைச்சுக்கும், தண்ணி உள்ள நிக்கும், நம்ம ஊருல அது உப்புத் தண்ணி, மரைல குழி குழியா துரு ஏறி ஒரு நாள் லிங்க்கு உடைஞ்சு வீலு உள்பக்கமா மடங்கிரும். எனக்கு மடங்குச்சு. நல்ல வேளை பஜார்ல ரிவர்ஸ் எடுத்துக்கிட்டு இருந்தேன். அதே ஈசிஆர்ல 70ல போயிருந்தா இன்னைக்கு இதை எழுதிக்கிட்டு இருக்க மாட்டேன். ஆர்ம் கழண்டுதானே கெடக்கு, அதையும் கழட்டி மரையைப் பாரு. குழி தெரிஞ்சா யோசிக்காம மாத்து. அங்க உள்ள நைலான் புஷ் கம்பெனி வச்சதுதான், அது இருக்கட்டும்.

ரெண்டாவது. ரப்பர் புஷ் போட்டா வண்டி ஜாக்கில தொங்கும்போது போல்ட்டை இறுக்காத. கையால விட்டு, வீலை மாட்டி, வண்டியைத் தரைல இறக்கி, ரெண்டு தடவ அமுக்கி விட்டு, பாரம் ஏத்தி, அப்புறமா கீழ படுத்து இறுக்கு. தொங்கும்போது இறுக்குனா வண்டி சும்மா நிக்கும்போதே ரப்பர் முறுக்கிக்கிட்டு நிக்கும், ஒரு வருஷத்துல கிழிஞ்சிரும், வண்டியும் மூக்கைத் தூக்கிக்கிட்டு நிக்கும். போன தடவ எப்படி இறுக்குனாங்கன்னு கேட்டுப் பாரு. அடி பிராக்கெட்டுக்குப் பின்னாடி ஷிம் தகடு இருக்கும், எந்தப் பக்கம் எத்தனைன்னு சாக்பீஸ்ல எழுதி வச்சுக்கிட்டு கழட்டு, அதை மாத்திப் போட்டா கேம்பர், அதாவது வீலோட சாய்வு, போயிரும்.


தேவிபட்டினம்_ஹெரால்ட்:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், எல்லாருக்கும் பதில் சொல்லாம விட்டதுக்கு மன்னிச்சுக்கங்க, வேலை முடிஞ்சப்புறம் எழுதலாம்னு இருந்தேன்.

அக்கா, பாட்டில்ல போட்ட துண்டு ரெண்டு நாள்ல 10லேருந்து 13 மில்லிமீட்டர் ஆயிருச்சு, ஓரத்தை கிள்ளுனா கைலயே வருது. கடத்தண்ணில போட்டது அப்படியே 10தான். அந்த ரெண்டு பாட்டிலையும் எடுத்துக்கிட்டு சர்வீஸ் பண்ற அண்ணன்கிட்டயே போயி காமிச்சேன், அவரு ரொம்ப நேரம் கைல வச்சு பாத்துக்கிட்டே இருந்தாரு. இனிமே கேக்காம யாருக்கும் அடிக்க மாட்டேன்னு சொல்லியிருக்காரு. இப்ப வெறும் நல்ல தண்ணி மட்டும்தான், போர் தண்ணி உப்புங்கறதால காவிரித் தண்ணி வர்ற அன்னைக்கு வீட்டுலயே பைப்பு புடிச்சு அடியைக் கழுவிக்கிறேன். சேஸிஸுக்கு துருவைச் சுரண்டி எபாக்சி பிரைமர் அடிச்சாச்சு, அடிக்கும்போது புஷ் எல்லாத்துக்கும் பாலித்தீன் சுத்தி டேப் ஒட்டுனேன். வலது பக்க அடி பிராக்கெட் ஒண்ணுல அக்கா சொன்ன மாதிரியே விரிசல் ஆரம்பிச்சிருந்துச்சு, டக்கு டக்குன்னு கேட்டதுல பாதி அதுதான் போல. புதுசு கெடைச்சுது, மாத்தியாச்சு.

விஷ்போனுக்கு எட்டும் ரப்பர்தான். வாங்கும்போதே நகத்தால அழுத்திப் பாத்து, கல்லா இருந்த ஒரு செட்டைத் திருப்பிக் குடுத்துட்டேன். வைஸ்ல ரெண்டு சாக்கெட்டை வச்சு சோப்புத் தண்ணி தடவி அமுக்குனேன், ஒரு சொட்டு எண்ணெய் படல. ஆன்டி ரோல் பாருக்கு மட்டும் காக்கா சொன்ன மாதிரி பாலி, பாலியீதர்னு கேட்டு வாங்குனது.

பெரியவரே, உங்களுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. ட்ரன்னியன் ரெண்டுலயும் கிரீஸ்தான் இருந்துச்சு, மெழுகு மாதிரி காஞ்சு. இடது பக்கம் மரை பரவால்ல. வலது பக்கம் துடைச்சுட்டு டார்ச் அடிச்சா, கீழேருந்து நாலாவது அஞ்சாவது மரைல அம்மைத் தழும்பு மாதிரி குழி, அதுல ஒண்ணுலேருந்து முடி மாதிரி ஒரு கோடு கிளம்பி சுத்தி வருது. அதோடதான் போன அமாவாசைக்கு அம்மாவை ஏத்திக்கிட்டு பாலம் தாண்டியிருக்கேன். ரெண்டு லிங்க்கும் ரெண்டு ட்ரன்னியனும் மாத்திட்டேன், இபி 90 விட்டாச்சு.

கடைசில வண்டியை இறக்கி முன்னாடி ரெண்டு சீட்லயும் அரிசி மூட்டை வச்சு கீழ படுத்து இறுக்குனேன். போன தடவ இறுக்குனது ஜாக்கிலதான்னு மெக்கானிக் அண்ணன் ஒத்துக்கிட்டாரு. ஷிம் பழையபடியே போட்டு ராம்நாட்டுல அலைன்மென்ட் பாத்தாச்சு. நேத்து பாம்பன் பாலத்துல போனேன், ஜாயின்ட் இருக்கறது தெரியுது, ஆனா தும் தும்னு அடங்கிப் போகுது, டக்கு இல்ல. அம்மா பின்னாடி உக்காந்து தூங்கிட்டாங்க.

பத்து புஷ் வாங்குனதுல ரெண்டு மிச்சம் இருக்கு, நல்ல ரப்பர், பாலித்தீன்ல சுத்தி வெயில் படாத இடத்துல வச்சிருக்கேன். ஹெரால்ட் வச்சிருக்கவங்க யாருக்காவது அவசரம்னா இங்க எழுதுங்க, பஸ்ல குடுத்து விடறேன்.